ஐந்தடிப் போவா பெட்டி: தாய்க்குச் சரி, குட்டிகளுக்கு?

அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு அருகில் பறவைக் கூண்டுகளும் மீன்தொட்டி மூடிகளும் செய்து தரும் ஒரு பட்டறையில், சென்ற நவம்பரில் நான் வளர்க்கும் போவா கன்ஸ்டிரிக்டர் என்ற பெண் பாம்புக்காகப் பெட்டி ஒன்று செய்யக் கொடுத்தேன். ஐந்தடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டடி உயரம். பொருளும் கூலியும் சேர்த்து 16,500 ரூபாய். பதினைந்து நாளில் தருவதாகச் சொன்னவர்கள் முப்பத்திரண்டு நாள் எடுத்துக்கொண்டார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வார்னிஷ் காய்வதே பெரும்பாடு என்பதால் அதை நான் குறையாகக் கொள்ளவில்லை.

மரவேலை நேர்த்தியாக இருக்கிறது. மரைன் பிளைவுட்டின் உட்புறம் முழுவதும் லேமினேட் ஒட்டி, மூலைகளில் சிலிக்கான் தடவியிருப்பதால், உள்ளே எந்நேரமும் பெரிய தண்ணீர்த் தொட்டி இருந்தும் பலகை எங்கும் உப்பவில்லை. ஆறரை அடிப் பாம்பு இரவெல்லாம் மூக்கால் முட்டியும் கண்ணாடிக் கதவு அசையவில்லை.

காற்றோட்டம்தான் முதல் குறை. சினையான போவா வெப்பமான மூலைக்கும் குளிர்ந்த மூலைக்கும் மாறி மாறிப் போய்த் தன் உடல் வெப்பத்தைச் சரிசெய்துகொள்ளும். அதற்கு ஒரு முனை 31 அல்லது 32 டிகிரியாகவும் மறுமுனை 27 டிகிரி அளவிலும் இருக்க வேண்டும். காற்றுத் துளைகள் இரண்டையும் பின்பலகையில் ஒரே உயரத்தில் வைத்துவிட்டதால், கத்திரி வெயில் தொடங்கியதும் ஹீட்டரை அணைத்த பிறகும் பெட்டி முழுவதும் 35 டிகிரியைத் தொட்டது. அளவு மீறிய வெப்பம் கருவைக் கெடுக்கும் என்பதால் இரவு பகலாக ஏசி ஓடியது. ஒரு துளையைக் கீழேயும் மற்றொன்றை எதிர்ப்புறம் மேலேயும் வைத்திருந்தால் சூடான காற்று தானாக வெளியேறியிருக்கும்.

போவா, மலைப்பாம்பைப் போல முட்டையிடுவதில்லை. நம் ஊர் மண்ணுளியைப் போலக் குட்டிகளையே ஈனும். சினைப்பட்டபின் ஜனவரி 24 அன்று சட்டை உரித்தவள், 112ஆம் நாள், மே 16 விடியற்காலையில் ஈன்றாள். பதினெட்டுக் குட்டிகள், கூடவே மெழுகு உருண்டை போல மூன்று கருவுறாத முட்டைகள். கண்ணாடித்தாள் போன்ற சவ்வை மூக்கால் கிழித்து, நாக்கை ஒருமுறை நீட்டிப் பார்த்துவிட்டு மறுபடி சுருண்டுகொண்ட ஒரு குட்டியை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எட்டு மணிக்கு எண்ணியபோது பதினேழுதான் இருந்தன. ஹீட்டர் வயருக்காக இட்ட ஓர் அங்குலத் துளையில் வயர் போக மிச்சமிருந்த இடைவெளி, ஒன்றரை அடி நீளமும் சுண்டுவிரல் பருமனும் உள்ள குட்டிக்குத் தாராளமாகப் போதும். சலவை இயந்திரத்தின் பின்னாலிருந்து அதை எடுத்தபோது மணி பதினொன்று. விஷமில்லாத பாம்புதான் என்று எத்தனை முறை சொல்லியும் என் அம்மா அன்று மாலைவரை கட்டிலை விட்டு இறங்கவில்லை.

பட்டறைக்குப் பேசினேன். "பெரிய பாம்புக்குன்னுதானே சார் சொன்னீங்க" என்றார் உரிமையாளர். அது உண்மை, குட்டிகளைப் பற்றி நான் சொல்லியிருக்கவில்லை. ஆனாலும் மறுநாளே ஆள் அனுப்பி, துளையில் இறுக்கமான ரப்பர் வளையம் பொருத்திக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. காற்றுத் துளையை மாற்ற மட்டும் 800 ரூபாய் கேட்டார், கொடுத்தேன்.

குட்டிகளைத் தனித்தனி டப்பாக்களுக்கு மாற்றி, முதல் சட்டை உரித்த பிறகே எலிக்குஞ்சு கொடுத்தேன். இத்தகைய உயிரினங்களை வளர்ப்போர் பதிவு செய்ய வேண்டும் என்ற 2024ஆம் ஆண்டு விதிகளின்படி, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் தாயைப் பதிந்திருந்ததால், பிறப்பையும் அங்கேயே தெரிவித்தேன்.

இப்பட்டறைக்கு ஐந்துக்கு மூன்றரை தருவேன். அங்கே செய்யக் கொடுப்பவர்கள் அளவுத்தாளுடன் ஒரு பென்சிலையும் எடுத்துச் சென்று, அது நுழையும் துளை எதுவும் பெட்டியில் இருக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.