பனி தள்ளும் தோட்ட டிராக்டர்: எடை ஏற்றலாமா, சங்கிலியை மாற்றலாமா?

பனியில் வழுக்காமல் இருக்க டயரைச் சுற்றி மாட்டும் சங்கிலி தேய்ந்துபோய், டிராக்டர் நகராமல் சக்கரம் மட்டும் சுற்றுகிறதா? பின்பக்கம் எடை ஏற்றலாம், இல்லையென்றால் சங்கிலியையே மாற்றலாம்.

எடைக்குச் செலவு குறைவு. பின் சக்கரத்தில் இரும்பு எடை மாட்டினாலோ, டயருக்குள் உறையாத திரவம் நிரப்பினாலோ பிடிமானம் கூடும். புதிதாக விழுந்த பனிக்கு அதுவே பெரும்பாலும் போதும்.

இறுகிய பனிக்கட்டி வேறு கதை. டயரின் குறுக்கே ஓடும் தேய்ந்த குறுக்குச் சங்கிலியின் கண்ணி ஒன்றைக் கையில் பிடித்துப் பாருங்கள்: தரையில் உரசும் பக்கம் தட்டையாகி, கண்ணாடிபோல் பளபளக்கும். எவ்வளவு எடை ஏற்றினாலும் அது பனிக்கட்டியைச் சரியாகக் கடிக்காது. கம்பி பாதித் தடிமனுக்குத் தேய்ந்துவிட்டால் அறுந்து, மட்கார்டைப் பதம் பார்க்கவும் கூடும்.

புதிது வாங்கினால், டயரின் ஓரத்தைச் சுற்றி ஓடும் பக்கச் சங்கிலியில் 2 கண்ணிக்கு ஒரு குறுக்குச் சங்கிலி உள்ளதையே எடுங்கள். 4 கண்ணி இடைவெளி விலை மலிவுதான். ஆனால் சின்ன டயரில் நடுவே வெறும் ரப்பர் தரையில் பட்டு வழுக்கும், வண்டியும் குலுங்கும். கான்கிரீட்டில் கீறல் விழுமே என்றால், பழையதும் கீறத்தான் செய்கிறது.

சரிவான பாதைக்கு என் ஓட்டு புதுச் சங்கிலிக்கே. சமதளம் என்றால் எடை போதும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த சங்கிலியைத் திருப்பி மாட்டி இந்தக் குளிர்காலத்தை ஓட்டிவிடலாம்.