அமெரிக்காவின் விஸ்கான்சினில் முதல் வேட்டை: மானா, வாத்தா?

ஒரே காற்றுதான். மானுக்குப் போகிறவர் அதை முகத்தில் வாங்க வேண்டும், வாத்துக்குப் போகிறவர் முதுகில்.

மான் மூக்கால் பிழைக்கிற விலங்கு. நம் வாடை அதன் பக்கம் போய்விட்டால், கல்லாய் உட்கார்ந்திருந்தாலும் பயனில்லை. வாத்து மோப்பத்தைப் பற்றிக் கவலைப்படாது, ஆனால் எதிர்காற்றில்தான் இறங்கும். காற்று நம் முதுகில் இருந்தால், மிதக்கவிட்ட போலி வாத்துகளை நம்பி நேரே நம் முன்னால் வந்து இறங்கும்.

கண் விஷயத்தில் கதை தலைகீழ். விஸ்கான்சினில் துப்பாக்கியோடு மான் வேட்டைக்குப் போனால் பளீர் ஆரஞ்சோ பளீர் பிங்க்கோ அணிந்தே ஆக வேண்டும். அது மற்ற வேட்டைக்காரர்கள் கண்ணில் படுவதற்காக. வெண்வால் மானுக்கு அந்த ஆரஞ்சு பச்சையோடு கலந்துவிடும். அசைவுதான் காட்டிக்கொடுக்கும். வாத்துக்கோ நிறம் நம்மைவிட நன்றாகத் தெரியும். ஆர்வத்தில் அண்ணாந்து பார்க்கிற முகமே போதும், கூட்டம் திரும்பிவிடும். தொப்பி விளிம்புக்குக் கீழிருந்து பாருங்கள்.

செலவில் மான்தான் சுலபம். ஒரு ரைஃபிள், லைசென்ஸ், மரத்தில் ஒரு பரண். பரணில் ஆபத்து துப்பாக்கியைவிட விழுவதில்தான் இருக்கிறது. கால் தரையை விட்ட நொடியிலிருந்து இறங்கும் வரை பாதுகாப்புப் பட்டை உடம்பில் இருக்கட்டும். வாத்துக்குப் பட்டியல் நீளம்: 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 25 டாலருக்கு மத்திய அரசின் வாத்து வேட்டை அனுமதி ஸ்டாம்ப், மார்பு வரை வரும் ரப்பர் உடை, போலி வாத்துகள், முடிந்தால் படகு. ஷாட்கன்னில் மூன்று தோட்டாவுக்கு மேல் போட முடியாதபடி அடைப்பு வேண்டும். ஈயக் குண்டு 1991 முதல் நாடு முழுக்கத் தடை, ஏனென்றால் சேற்றில் கிடக்கும் குண்டுகளை வாத்துகள் கூழாங்கல் என்று விழுங்கிச் செத்தன. மாற்றாக வந்த எஃகுக் குண்டு எடை குறைவு, வேகம் சீக்கிரம் இறங்கும். 35 கஜத்துக்கு மேல் சுடாதீர்கள்.

மானுக்கு முன்தோளுக்குச் சற்றுப் பின்னால், நுரையீரலைக் குறி வையுங்கள். பட்டதும் ஓடும். பின்னாலேயே ஓடாமல் அரை மணி நேரம் உட்காருங்கள். குடலில் பட்டிருந்தால் பல மணி நேரம். வாத்தில் கூட்டத்தைப் பார்த்துச் சுட்டால் ஒன்றும் விழாது, ஒன்றை மட்டும் குறி வையுங்கள். அதுவும் எது என்று தெரிந்து! ஒரு நாளைக்கு 6 வாத்து வரை, அதில் மல்லார்ட் என்ற வகை 4, அதிலும் பெட்டை 2தான். சூரியன் உதிக்க அரை மணி முன்பே சுடலாம் என்கிறது சட்டம். அந்த அரையிருட்டில் பெட்டையைப் பிரித்தறிவது புதியவருக்குச் சாதாரண வேலை இல்லை.

கறிக் கணக்கில் போட்டியே இல்லை: மான் ஃப்ரீசரை நிரப்பும், வாத்து ஒரு ராத்திரிச் சாப்பாடு. ஆனால் விஸ்கான்சின் மான்களில் 2002இல் கண்டுபிடிக்கப்பட்ட, மூளையைச் சிதைத்து மானைக் கொல்லும் சிடபிள்யூடி நோய் இன்னும் இருக்கிறது. சமைத்தாலும் அதன் கிருமிப்புரதம் அழியாது. தலையைப் பரிசோதனைக்குக் கொடுத்து, முடிவு வரும் வரை கறியைத் தொடாதீர்கள்.

என் ஓட்டு முதல் வருஷம் மானுக்கு. துப்பாக்கி சீசன் நவம்பர் கடைசியில் ஒன்பதே நாள், தனியாகச் சமாளிக்கலாம். சுட்ட வாத்தை எடுத்துவரும் நாய் வைத்திருக்கும் யாராவது கூப்பிட்டால் மட்டும் யோசிக்காமல் வாத்துக்குப் போங்கள். காபி உங்கள் பொறுப்பு.