ஆறு முதல் எட்டு வரை: காரைக்குடிப் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளி, மூன்று வருட அனுபவம்

ஜூன் வந்தால் போதும், என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சாமான் விலையைக் கேட்பதற்கு முன்னால் "உங்க பொண்ணு படிச்ச பள்ளிக்கூடம் எப்படிண்ணே, சேக்கலாமா?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி, காரைக்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் இருபது நிமிஷம். குறையையும் சொல்லப்போகிறேன் என்பதால் ஊர்ப் பெயர் வேண்டாம்.

மகள் ஐந்தாவது வரை தனியார் பள்ளி. பீஸ் கட்ட முடியாமல்தான் ஆறாவதில் இங்கே சேர்த்தோம், பெரிய கொள்கை எல்லாம் ஒன்றும் கிடையாது. எங்கம்மா ஒரு மாசம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

முதலில் பாடம். சுமார் என்றுதான் சொல்வேன். வகுப்பில் பதினாலு பிள்ளைகள், அதனால் யாரும் கடைசி பெஞ்சில் ஒளிந்துகொள்ள முடியாது, அது நல்லது. ஆனால் ஒரு டீச்சர் லீவு போட்டால் ஆறும் ஏழும் ஒரே அறையில், அன்றைக்கு ரெண்டு வகுப்புக்கும் பாடம் கிடையாது. இருக்கிற ஆசிரியர்களும் எமிஸில் (பள்ளி, மாணவர் விவரமெல்லாம் ஏற்றுகிற அரசு இணையப் பதிவு) அதை ஏத்து இதை ஏத்து என்று போனைப் பார்த்தபடியே இருக்கிறார்கள், அவர்களைத் திட்டியும் பிரயோஜனமில்லை. இங்கிலீஷ் ரொம்ப மோசம். ஏழாவது பாதியில் ஒரு பத்தியை எடுத்துப் படிக்கச் சொன்னேன், எழுத்துக் கூட்டிக் கூட்டி நின்றாள், மறுநாளே டியூஷன் வைத்தோம். ஸ்மார்ட் போர்டு இருக்கிறது. இருக்கிறது, அவ்வளவுதான்.

அப்புறம் ஏன் மூன்று வருஷமும் அங்கேயே விட்டேன் என்றால், வெள்ளிக்கிழமை பிற்பகலுக்காக. கடைசி ரெண்டு பீரியட் மன்றங்களுக்கு. எல்லாப் பள்ளியிலும் காகிதத்தில் இலக்கிய மன்றம், சுற்றுச்சூழல் மன்றம், இளஞ்செஞ்சிலுவைச் சங்கம் என்று இருக்கும், இங்கே நிஜமாகவே நடக்கிறது.

வானவில் மன்றம் அரசுப் பள்ளியில் பிள்ளை படிக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கும், 2022 நவம்பரில் ஆறிலிருந்து எட்டு வரைக்கும் ஆரம்பித்தது, அறிவியலையும் கணக்கையும் கையால் செய்து பார்க்க. அதற்குச் சோதனைகளைச் செய்து காட்ட ஒரு கருத்தாளர் அக்கா ஸ்கூட்டியில் பை நிறையச் சாமானோடு வருவார். தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மெழுகுவர்த்தி ஏற்றி, டம்ளரைக் கவிழ்ப்பார்களே, அது. திரி அணைந்து தண்ணீர் உள்ளே ஏறும். நாங்கள் படித்தபோது 'ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது, அந்த இடத்துக்குத் தண்ணீர் வருகிறது' என்று எழுதி ரெண்டு மார்க் வாங்கினோம். இங்கே ஒரு பையன், "அக்கா, எரியுறப்பவே கொஞ்சங் கொஞ்சமா ஏறணும்ல, அணைஞ்ச பெறகு ஏன் சடக்குனு ஏறுது?" என்று கேட்டிருக்கிறான். அந்த அக்கா பதில் சொல்லவில்லை. இன்னும் ரெண்டு மெழுகுவர்த்தியைச் சேர்த்து வைத்து மறுபடி செய்யச் சொல்லியிருக்கிறார். அதே டம்ளர், அதே காற்றுதான், ஆனால் தண்ணீர் முன்னைவிட உயரமாக ஏறியது. சூடான காற்று ஆறிச் சுருங்குவதுதான் முக்கியக் காரணம் என்று பிள்ளைகளே கண்டுபிடிக்க ஒரு பீரியட் முழுசும் போய்விட்டதாம். ராத்திரி எங்கள் வீட்டுச் சமையல்கட்டில் மறுபடி நடந்தது, நல்ல டம்ளர் ஒன்று போச்சு.

ஊரின் பழமையைத் தெரிந்துகொள்வதற்கான தொன்மை மன்றத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். சமூக அறிவியல் சார் நடத்துகிறார். ஊரில் பெரிய செட்டிநாட்டு வீடுகள் வருஷத்தில் பதினோரு மாசம் பூட்டிக் கிடப்பவை, கல்யாணத்துக்கும் சாமி கும்பிடவும்தான் ஆட்கள் சென்னையிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்து திறப்பார்கள். அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளில் பாதிப் பேர் முகப்பைத் தாண்டி உள்ளே போனதில்லை. சார் ஒரு வீட்டு ஆச்சியிடம் பேசி அனுமதி வாங்கி, எட்டாம் வகுப்பை உள்கட்டான வளவு வரை கூட்டிப்போனார். சும்மா பார்த்துவிட்டு வருவதோடு விடவில்லை, ஆளுக்கொரு நூலும் அளவுகோலும் கொடுத்து அளக்க விட்டார். பட்டாலை என்கிற கூடத்துத் தூணின் சுற்றளவு, முற்றத்தின் நீள அகலம், தரைக் கல்லின் பக்கம்.

அங்கேதான் கணக்கு. எட்டு அங்குலத்துக்கு எட்டு அங்குலக் கல். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைக்கு எத்தனை கல் வேண்டும்? வகுப்பில் முதல் மார்க் வாங்குகிற பையன் பரப்பளவை அங்குலத்துக்கு மாற்றி 17,280-ஐ 64-ஆல் வகுத்துக்கொண்டிருந்தான். கணக்கில் முப்பதைத் தாண்டாத என் மகள் சுவரோரமாக நின்று, இந்தப் பக்கம் பதினைஞ்சு வரிசை, அந்தப் பக்கம் பதினெட்டு, 270 என்று சொல்லிவிட்டாள். பெருமைக்குச் சொல்கிறேன்தான், சொல்லாமல் எப்படி இருப்பது.

அடுத்த வாரம் இந்தத் தரைக் கல்லுக்குப் பேர்போன ஆத்தங்குடிக்கே போனார்கள், கல் செய்கிற ஒரு பட்டறைக்கு. கண்ணாடித் துண்டின் மேல் அச்சை வைத்து, அச்சின் ஒவ்வோர் அறையிலும் கரண்டியால் வண்ணக் குழம்பை ஊற்றி, அச்சை மெதுவாகத் தூக்கி, மேலே உலர் சிமென்ட் மணல் தூவி, அப்புறம் கலவை போட்டு நிரவுகிறார்கள். கண்ணாடியில் பட்டிருக்கிற பக்கம்தான் கல்லின் முகம், மெருகு அங்கிருந்துதான் வருகிறது. பிறகு தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊற வேண்டும். பிள்ளைகளையும் ஆளுக்கு ஒரு கரண்டி ஊற்றவிட்டார்கள். 270 என்று இவள் அங்கேயும் போய்ச் சொல்ல, வேலை செய்துகொண்டிருந்த பெரியவர் தலை நிமிராமல், "மூலைக்கு வெட்டுறப்ப ஒடையுமே ஆத்தா, அதுக்கு?" என்றாராம். அதன் பிறகு எந்தக் கணக்குக்கு விடை எழுதினாலும் கீழே 'உடைசலுக்குப் பத்து' என்று எழுத ஆரம்பித்துவிட்டாள். கணக்கு டீச்சர் ஒருமுறை அதற்கும் சேர்த்து டிக் போட்டிருந்தார்.

கீழடி அருங்காட்சியகத்துக்கும் போனார்கள், நம்ம மாவட்டம்தானே. 2023-ல் திறந்த அந்தக் கட்டடமே செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் இருப்பதால் பானை ஓட்டைவிடத் தூணையும் முற்றத்தையும்தான் பிள்ளைகள் அதிகம் பார்த்தார்களாம், சார் சொல்லிச் சிரித்தார்.

இலக்கிய மன்றம் எனக்குப் பிடிக்கவில்லை. காரைக்குடி 1939-லிருந்து கம்பன் கழகம் இருக்கிற ஊர், பேச்சு என்றால் இங்கே எல்லோருக்கும் ஒரு மோகம், அது சரி. ஆனால் மன்றத்தில் நடப்பது, அம்மா எழுதி, பிள்ளை மனப்பாடம் செய்து, நடுவில் ஒரு வரி மறந்தால் அழுவது. எங்கள் வீட்டிலும் நடந்தது, எழுதிக் கொடுத்தது நான்தான். தப்புத்தான்.

ஊர் பள்ளிக்குள் வருவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூணு பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்று 2009 கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. என் மனைவியும் ரெண்டு வருஷம் உறுப்பினர். பெண் பிள்ளைகள் கழிப்பறைக்குத் தண்ணீர் வரவில்லை என்று ஆகஸ்டில் தீர்மானம் போட்டார்கள், ஜனவரி வரை மனு, பதில், மறுபடி மனு. அத்தனை நாளும் பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமலேயே வீட்டுக்கு வந்தார்கள். ஏழாம் வகுப்புப் பெண் பிள்ளை வைத்திருக்கிற யாருக்கும் இது சின்ன விஷயமாகத் தெரியாது. கடைசியில் பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்த ஒரு குடும்பம் மோட்டாரும் குழாயும் போட்டுக் கொடுத்தது. நன்றிதான். ஆனால் பொங்கலுக்கு யாராவது வருவார்கள் என்று காத்திருக்கிற கழிப்பறைக்கு நான் ஸ்டார் எல்லாம் தர முடியாது.

சாப்பாடு: மத்தியானம் சத்துணவு, வாரம் அஞ்சு நாளும் முட்டை, குறை இல்லை. காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. தம்பி உட்கார்ந்து உப்புமாவோ பொங்கலோ சாப்பிட, ஆறாவது படிக்கிற அக்கா பையோடு வாசலில் நிற்பதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும். சமைக்கிற அக்காக்களுக்கும்தான்.

சேர்க்கப்போகிறவர்களுக்கு: டிசி, ஆதார், மாற்றலாகி வந்தால் பழைய பள்ளியின் எமிஸ் எண், இவ்வளவுதான் கேட்டார்கள், பைசா செலவில்லை. இங்கிலீஷுக்கு வீட்டில் தினம் அரைமணி நேரம் உட்கார முடியும் என்றால் தைரியமாகச் சேருங்கள், முடியாதவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். பார்க்கப் போனால் திங்கள் காலையில் போகாதீர்கள், வெள்ளி ரெண்டரைக்கு மேல் போங்கள். போனதும் முதலில் கழிப்பறைக் குழாயைத் திறந்து பாருங்கள்.

மகள் இப்போது ஒன்பதாவது, காரைக்குடியில் பெரிய பள்ளி, வகுப்பில் அறுபது பேர். வெள்ளிக்கிழமை கடைசி ரெண்டு பீரியட் அங்கே கணக்கு டெஸ்டாம். ஆத்தங்குடியில் இவள் ஊற்றிய கல்லை, ஒரு மூலையில் பச்சை சிவப்புக்குள் ஓடிவிட்டதால், ஊறி முடிந்ததும் இவளுக்கே கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அது எங்கள் வீட்டுத் தண்ணீர்ப் பானைக்கு அடியில் இருக்கிறது.