வாழைநாரா, பாரம்பரிய அரிசியா?

டெல்டாவில் பசுமைத் தொழில் என்று பேச்செடுத்தால் பெரும்பாலும் இந்த இரண்டில்தான் வந்து நிற்கும். தார் வெட்டிய வாழைமரத்திலிருந்து நார் எடுப்பது ஒன்று. மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி போன்ற அரிசியைப் பாக்கெட் போட்டு விற்பது இன்னொன்று. நான் அரிசிப் பக்கம் போனவன், அதனால் சாய்வு இருக்கும்.

மூலப்பொருள் விலையில் நார்தான் ஜெயிக்கிறது. திருவையாறு பக்கம் தார் வெட்டியபின் மரத்தை அகற்றுவதே விவசாயிக்குச் செலவு. எடுத்துக்கொள்கிறோம் என்றால் சந்தோஷமாகக் கொடுப்பார்கள். ஆலோசனைக்குத் திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம். அரிசிக்குத் தஞ்சாவூரில் நிஃப்டெம் என்கிற மத்திய அரசு உணவுத் தொழில்நுட்ப நிறுவனம். மானியத்தில் அரிசி கொஞ்சம் முந்துகிறது. உணவு பதப்படுத்தும் குறுந்தொழில்களுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய். நார் உணவில்லை என்பதால் அதற்கு வேறு கதவைத்தான் தட்ட வேண்டும்.

இதெல்லாம் இருக்கட்டும். என்னை முடிவெடுக்க வைத்தது ஒரே கேள்வி: ஆர்டர் வரும்வரை சரக்கு காத்திருக்குமா?

வாழைமட்டை காத்திருக்காது. வெட்டிய சூட்டில் மெஷினில் விட வேண்டும்; தள்ளிப்போனால் நார் கறுக்கும். மரத்தில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் வண்டி வாடகையில் பாதிக்குமேல் தண்ணீரைச் சுமப்பதற்கே போகிறது. மெஷின் பிளேடு மழுங்கினாலும் கரண்ட் போனாலும் அன்றைய மட்டை வீண். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எடுத்த நாரைக் காயவைக்க வெயில் இருக்காது.

நெல் பொறுமைசாலி. ஈரப்பதம் 14 சதவீதத்துக்குக் கீழே வரக் காயவைத்து, பலகைமேல் மூட்டை அடுக்கி, நொச்சியும் வேம்பும் போட்டால் அடுத்த அறுவடைவரை கிடக்கும். அந்துப்பூச்சியும் எலியும் தொல்லைதான், ஆனால் சமாளிக்கலாம். அரிசியாக்கிவிட்டால்தான் ஆபத்து. தவிடு நீக்காத சிவப்பரிசியில் சிக்கு வாடை சீக்கிரம் வரும், வண்டும் பிடிக்கும். அதனால் ஆர்டர் வர வர, அந்த அளவுக்கு மட்டுமே அரைக்கிறேன்.

இந்தப் பொறுமைக்கு விலை உண்டு. மாப்பிள்ளைச் சம்பா ஐந்து மாதத்துக்குமேல் வயலில் நிற்கும், உயரமாக வளர்வதால் காற்று மழையில் சாயும், விளைச்சலும் குறைவு. 2025-26 பருவத்தில் அரசு கொள்முதல் நிலையத்தில் சாதா ரக நெல்லுக்கே குவிண்டால் 2,500 ரூபாய். அதைவிட நன்றாக ஏற்றிக் கொடுத்தால்தான் விவசாயி நமக்காக இதைப் பயிரிடுவார். தை, மாசியில் வருடம் முழுவதற்குமான நெல்லை வாங்கிப் போட்டாக வேண்டும். முதல் அப்படியே முடங்கும். மிஞ்சினால் கொள்முதல் நிலையத்தில் தள்ளவும் முடியாது. அங்கே சிட்டா, அடங்கல் என்ற நில, பயிர்ப் பதிவுகளோடு வரும் விவசாயிக்குத்தான் இடம். மில்காரர் கேட்கும் விலைக்குக் கொடுக்க வேண்டியதுதான். ஆனாலும் அடிமாட்டு விலைக்காவது போகிறது. கறுத்த நாரை யாரும் சீந்துவதில்லை.

வாடிக்கையாளரைப் பிடிப்பதும் எனக்கு அரிசியில் சுலபமாக இருந்தது. பாரம்பரிய நெல் ரகங்களை மீட்ட நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டி பக்கம் நடத்திய நெல் திருவிழாக்களால், 2 கிலோ விதை வாங்கி 4 கிலோ திருப்பித் தந்த குடும்பங்கள் இங்கே நிறைய. ரகத்தின் பெயரை நாம் விளக்க வேண்டியதில்லை.

சொந்தமாக வாழைத்தோப்பும் தகரக் கொட்டகையும் இருந்து, முடையத் தெரிந்த மகளிர் குழுவும் கூட இருந்தால் நாரையே எடுக்கலாம். கூடையாக, பாயாக விற்றால் வெறும் நாரைவிட நல்ல காசு. ஏற்றுமதி ஆர்டர் வந்தால் கணக்கே மாறும் என்கிறார்கள். அந்த வழியில் நான் போனதில்லை. போகிறவர்கள் முன்பணம் கைக்கு வராமல் மெஷினை ஓட்ட வேண்டாம்.