வைஃபை பாதுகாப்புக்கு என்று 14,800 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன், தயவுசெய்து படியுங்கள்

நேற்று சாயங்காலம்தான் அந்தக் கடை கடைசியாகக் கையை விரித்தது. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

வீட்டு முன்னறையில் ஜிஎஸ்டி கணக்கு பார்த்துக் கொடுக்கிறேன். ஊரார் பில்லும் பான் நம்பரும் என் கம்ப்யூட்டரில் கிடக்கின்றன. அதனால் வைஃபைக்குச் செலவு பார்க்கவில்லை. எங்கள் ஊர் கம்ப்யூட்டர் கடை ஒன்றில் ரவுட்டருக்கு 5,300, ‘செக்யூரிட்டி செட்டப்’ என்று 9,500, ஆக 14,800 ரூபாய் கட்டினேன். வைஃபையின் புதிய பாதுகாப்பு முறையான டபிள்யூபிஏ3 உண்டா என்று கேட்டேன். “லேட்டஸ்ட் எல்லாமே இருக்கு மேடம்” என்றார்கள்.

மாட்ட வந்த பையன் பாஸ்வேர்டை என்னையே அடிக்கச் சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றான். “நான் பார்க்கக்கூடாதுங்க மேடம்.” அந்த இடத்தில்தான் முழுசாக நம்பிவிட்டேன். காபி போட்டுக் கொடுத்தேன். கிளம்பும்போது வாரண்டிக்கு என்று ரவுட்டரின் அடிப்பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டான்.

மூன்றாவது வாரம், ராத்திரி 11 மணிக்கு ரவுட்டர் ஆப்பைத் திறந்தால் எங்கள் வீட்டில் யாரிடமும் இல்லாத ஒரு போன் உள்ளே இருக்கிறது. கடையில் கேட்டதற்கு “பாஸ்வேர்டை மாத்துங்க” என்றார்கள். மாற்றினேன். இரண்டே நாளில் அதே போன் மறுபடி உள்ளே. அப்புறம் “ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க.” அப்புறம் “இன்ஜினியர் ஊருக்குப் போயிருக்கார்.” அப்புறம் போனையே எடுக்கவில்லை.

அண்ணன் மகன் வந்து ரவுட்டரைக் கவிழ்த்து, “அத்தை, இதைப் பாருங்க” என்றான். ஸ்டிக்கரில் எட்டு இலக்கத்தில் ஒரு பின் நம்பர். பாஸ்வேர்ட் அடிக்காமலே வைஃபையில் இணைய உதவும் டபிள்யூபிஎஸ் என்ற வசதிக்கானது. இந்தப் பின்னைக் கொடுப்பவருக்கு ரவுட்டர் பாஸ்வேர்டைத் தானே எடுத்துக் கொடுத்துவிடும். நான் மாற்றிய புதுசையும் சேர்த்துத்தான். எட்டு இலக்கத்தை யார் கண்டுபிடிப்பார்கள் என்று நினைக்காதீர்கள். கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு எண். மீதி ஏழில் முதல் நான்கு சரியா என்று தனியாகவும், அடுத்த மூன்று சரியா என்று தனியாகவும் ரவுட்டரே காட்டிக்கொடுக்கிறது. 10,000 கூட்டல் 1,000, மொத்தம் 11,000 முயற்சி. தப்பான பின் எத்தனை வந்தாலும் பூட்டிக்கொள்ளாத பழைய ரவுட்டரில் இது சில மணி நேர வேலை. இந்த ஓட்டை 2011 டிசம்பரிலேயே வெளியே வந்துவிட்டது! 9,500 ரூபாய் வாங்கியவர்கள் செட்டிங்ஸில் டபிள்யூபிஎஸ்ஸுக்கு இருக்கும் அந்த ஒரு டிக்கை எடுக்கவில்லை. டபிள்யூபிஏ3யும் அதில் கிடையாது, பழைய மாடல்.

அந்தப் பையன்மேல் பழி போட என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் பாஸ்வேர்டைப் பார்க்காமல் திரும்பி நின்றவன் போனில் அந்தப் பின் இருக்கிறது.

நேற்று நேரில் போனேன். “வாரண்டி ஹார்ட்வேருக்கு மட்டும்தான் மேடம், செட்டிங்ஸ் எங்க பொறுப்பு இல்ல.” அப்படியென்றால் 9,500 எதற்கு? பதில் இல்லை. 14,800 ரூபாய், எனக்கு ஒரு மாத வரும்படி.

என்னென்ன செய்யவேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மனசு ஓடவில்லை. டபிள்யூபிஎஸ்ஸை இன்றைக்கே ஆஃப் செய்யுங்கள். ரவுட்டரில் முந்தைய முறையான டபிள்யூபிஏ2தான் இருக்கிறது என்றால் பாஸ்வேர்ட் நீளமாக இருக்கட்டும். அதில், போன் ரவுட்டரோடு இணையும்போது நடக்கும் பரிமாற்றத்தைத் திருடன் பிடித்துக்கொண்டு போய், தன் வீட்டில் உட்கார்ந்து பாஸ்வேர்டை ஊகித்துப் பார்க்க முடியும். டபிள்யூபிஏ3 இருக்கிறது என்று சொன்னால் கடையிலேயே செட்டிங்ஸைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். என்ன வேலை செய்தார்கள் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். என் பில்லில் ‘செக்யூரிட்டி செட்டப்’ என்ற இரண்டு சொல்தான் இருக்கிறது. அதை வைத்துத்தான் காலையில் நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் புகார் கொடுத்திருக்கிறேன்.