பழைய நாற்காலி வாங்கப் போகிறீர்களா: செட்டிநாட்டுத் தேக்கா, ஈரானி கடை பென்ட்வுட்டா?

சாப்பாட்டு மேசையைச் சுற்றிப் போடக் கையில்லாத பழைய நாற்காலிகள் தேடினால், நம் பக்கத்தில் பெரும்பாலும் மூன்று வகைதான் கண்ணில் படும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் கிடைக்கிற, பிரம்பு பின்னிய தேக்கு நாற்காலி ஒன்று. மும்பை ஈரானி ஓட்டல்களால் எல்லோருக்கும் பழக்கமான, வட்ட இருக்கையும் வளைந்த முதுகுமாக, மரத்தை வளைத்துச் செய்த பென்ட்வுட் நாற்காலி இன்னொன்று. மூன்றாவது, கொடியும் பூவும் செதுக்கிய ஈட்டி மர நாற்காலி. நாங்கள் வாங்கியது தேக்கு. அதனால் இதை நடுநிலையான தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஈட்டியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் மூன்று வேளையும் இழுத்துப் போட்டுச் சாப்பிட முடியாத கனம். செதுக்கலுக்குள் சேரும் தூசியைத் தட்டப் பழைய பல்துலக்கியோடு உட்கார வேண்டும். கூடத்தில் ஓரமாக ஒன்றிரண்டு போட்டு வைக்கலாம், அவ்வளவுதான்.

பென்ட்வுட் அப்படித் தள்ளிவிடக்கூடியது இல்லை. அது உலகம் முழுக்கப் போன நாற்காலி. மிக்கேல் தோனெட்டின் வியன்னா நிறுவனம் 1859இல் கொண்டுவந்த 14ஆம் எண் நாற்காலிதான் இந்த வகையில் மிகவும் பேர்போனது. ஆவியில் வளைத்த பீச் (beech) என்ற ஐரோப்பிய மரத்தில் ஆறு துண்டுகள், பத்துத் திருகாணி, இரண்டு நட்டு, அத்தனையும் சேர்ந்தால் ஒரு நாற்காலி. பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலி அடங்குமாம். கப்பலேறி எங்கெங்கோ போனதற்கு அதுவே காரணம். 1869இல் தோனெட்டின் தனியுரிமை முடிந்ததும் கோன் போன்ற போட்டி நிறுவனங்கள் அதே வடிவத்தில் செய்து தள்ளின. எனவே கடைக்காரர் ‘ஒரிஜினல் தோனெட்’ என்றால், கவிழ்த்துப் போட்டு இருக்கை வளையத்தின் உட்பக்கத்தில் முத்திரையோ காகிதச் சீட்டோ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டாலும் நாற்காலி நல்லதாக இருக்கலாம். பெயருக்குத் தனியாகக் காசு கொடுக்காதீர்கள் என்பதுதான் விஷயம்.

எடை குறைவு, சிறு பிள்ளைகூட இழுத்துப் போட்டுக்கொள்ளும். ஆட்டம் கண்டால் திருகாணியை முறுக்கினால் போதும். இந்த ஒரு இடத்தில் தேக்கு தோற்றுத்தான் போகிறது. ஆனால் பீச், பூச்சியைத் தாங்குகிற மரம் இல்லை. வளையத்தின் அடியில் ஊசித் துளைகளும், தட்டினால் மாவு மாதிரி உதிரும் தூளும் இருந்தால் வண்டு இன்னும் உள்ளேதான் இருக்கிறது. முதுகின் வளைவு விரிசல் விட்டிருந்தால் அதோடு சரி, நம் ஊர் ஆசாரிகளில் ஆவியில் மரம் வளைப்பவரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். இந்த வகை என் வீட்டில் இருந்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கோயம்புத்தூரில் நண்பர் வீட்டில் இருப்பவை பல வருடமாக நன்றாகத்தான் இருக்கின்றன. கடற்கரை ஊரின் ஈரக்காற்றிலும் அப்படியே இருக்குமா என்றால், எனக்குச் சந்தேகம்தான்.

இனி தேக்கு. பர்மாவில் ரங்கூனிலும் மோல்மேனிலும் தொழில் செய்த செட்டிநாட்டு நகரத்தார், வீடு கட்ட அங்கிருந்து தேக்கைக் கொண்டுவந்தார்கள். தூணுக்கும் கதவுக்கும் போலவே நாற்காலிக்கும் அந்த மரம் போனது. பெரிய வீடுகள் பங்காளிகளிடையே பிரிந்து, பூட்டப்பட்டு, சில இடிக்கப்பட்டபோது சாமான்கள் கடைத் தெருவுக்கு வந்தன. கடையில் எதைக் காட்டினாலும் ‘பர்மா தேக்கு சார்’ என்பார்கள். பழைய பாலிஷின் கீழே இருப்பது பர்மாவா, கேரளத்து நிலம்பூரா என்று கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. பார்க்க வேண்டியது ஊரை இல்லை, வைரத்தை, அதாவது மரத்தின் உள்ளே இருக்கும் கெட்டியான பகுதியை. தேக்கின் வைரப்பகுதியைக் கரையான் லேசில் தொடாது. பட்டையை ஒட்டிய, வெளுத்த வெளிறுப் பகுதிக்கு அந்தக் காப்பு கிடையாது. சட்டங்களின் அடிப்பக்கத்தில் வெளிறு ஓடுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

மூட்டுகள் துளையும் அதற்குள் நுழையும் கழுந்துமாக, விலங்குத் தோலிலிருந்து காய்ச்சும் பழைய வச்சிரப் பசையில் ஒட்டியவை. ஆடினால் பயப்பட வேண்டாம். அந்தப் பசை சூட்டுக்கும் ஈரத்துக்கும் இளகும். ஆசாரி பிரித்து, பழைய பசையைச் சுரண்டி எடுத்து, திரும்ப ஒட்டிக் கொடுப்பார். மூட்டில் ஆணி அடித்திருக்கிறது என்றால்தான் யோசிக்க வேண்டும், ஆணி இறங்கிய இடத்தில் கழுந்து பிளந்திருக்க வாய்ப்பு அதிகம்.

மரத்தைப் பற்றி எவ்வளவு பேசினாலும், முடிவைத் தீர்மானிப்பது இருக்கைதான். மரம் நூறு வருடம் நிற்கும், பிரம்பு நிற்காது. இன்றைக்கோ பத்து வருடம் கழித்தோ, ஒருநாள் யாராவது பரணில் இருப்பதை எடுக்க அதன்மேல் ஏறி நிற்பார்கள், ‘டப்’ என்று போய்விடும். அப்போது அதை யார் சரிசெய்வார்கள் என்பதை வாங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கவிழ்த்துப் பார்த்தால் பதில் தெரிந்துவிடும். இருக்கைச் சட்டத்தைச் சுற்றி ஏறக்குறைய அரை அங்குலத்துக்கு ஒன்றாகத் துளைகள் வரிசையாக இருந்தால் அது கையால் பின்னும் நாற்காலி. துளையே இல்லாமல், மேலே ஓரத்தில் ஒரு பள்ளம் ஓடி, அதில் பிரம்புக் குச்சியை வைத்து அழுத்தியிருந்தால் அது இயந்திரத்தில் பின்னிய ஆயத்தப் பாய்.

பாய் வகையைக் கடையில் சுருளாகவே விற்கிறார்கள், மாற்றும் வேலை சீக்கிரம் முடியும். சிக்கல் பழையதை எடுப்பதில். பள்ளத்தில் இறுகிப்போன குச்சியை உளியால் நெம்பி எடுக்கும்போது விளிம்பு பெயர்ந்துவிடும். இரண்டு மூன்று முறை மாற்றியாகிவிட்டால் பள்ளமே அகன்று, புதுக் குச்சி பிடிக்காது. துளை வகையில் அந்தத் தொல்லை இல்லை. அறுந்த பிரம்பை வெட்டி எடுத்து, துளையைக் குத்திச் சுத்தம் செய்தால் சட்டம் திரும்பத் தயார்.

பின்னுவது பொறுமையான வேலை. முன்பின்னாக ஒரு வரிசை, குறுக்கே ஒன்று, மறுபடி முன்பின்னாக ஒன்று, அதற்குள் நுழைத்துக் குறுக்கே இன்னொன்று, அப்புறம் இரண்டு பக்கமும் மூலைவாட்டில் ஒவ்வொன்று, கடைசியில் ஓரக்கட்டு. எண்கோணக் கண்கள் அப்படித்தான் விழுகின்றன. நம் நாட்டில் பார்வையற்றோர் பள்ளிகள் நெடுங்காலம் கற்றுக்கொடுத்த தொழில் இது. அரசு அலுவலகங்களில் நாற்காலி பின்னும் பணியிடங்களும் இருந்தன. அந்தக் கைகள் இப்போது குறைந்துகொண்டு வருகின்றன. எங்களுக்குப் பின்னிக் கொடுத்தவரும் பார்வையில்லாதவர்தான். விரலால் துளைகளைத் தடவியே, முந்தைய பின்னல்காரர் மூலையில் எந்தத் துளையை விட்டுவிட்டுத் தாண்டியிருக்கிறார் என்று சொல்லிவிட்டார்.

தேக்குப் பக்கம் நான் சாய்ந்தது இதனால்தான். காரைக்குடியில் நான் பார்த்த தேக்கு நாற்காலிகளில் பெரும்பாலானவை துளை வகை. பழைய பென்ட்வுட் நாற்காலிகளிலும் துளை உண்டு. ஆனால் என் கண்ணில் பட்டவற்றில் பல பள்ளத்துக்கோ, துளை போட்ட பிளைவுட்டுக்கோ மாறியிருந்தன. பிளைவுட் மோசம் என்று சொல்லவில்லை, பராமரிப்பே வேண்டாம் என்பவர்களுக்கு அதுதான் சரி. மே மாதத்தில் முதுகும் தொடையும் வேர்க்கும், அவ்வளவுதான்.

பிரம்பு தொய்ந்தால் உடனே மாற்ற வேண்டியதில்லை. பளபளப்பான மேல்தோல் தண்ணீரை அவ்வளவாக உறிஞ்சாது, அடிப்பக்கம் உறிஞ்சும். அதனால் கவிழ்த்துப் போட்டு, ஈரத்துணியால் அடிப்பக்கத்தை நன்றாக நனைத்து, ஓர் இரவு யாரும் உட்காராமல் காயவிட்டால் இறுகிக்கொள்ளும். ஏசி அறையில் கிடக்கும் நாற்காலிக்கு இது அவசியம், காய்ந்த பிரம்புதான் முறியும். வார்னிஷைத் தடியாகப் பூசிவிட்டால் இந்த வைத்தியம் பலிக்காது.

அளவுநாடா கொண்டுபோங்கள். மேசை 30 அங்குலம் என்றால் இருக்கை 18 அங்குலத்தை ஒட்டி இருக்க வேண்டும். ஈரத்தில் இற்றுப்போன கால் நுனியை வெட்டிவிட்டு விற்பதும் உண்டு, அப்படிப்பட்டதில் உட்கார்ந்தால் மேசை மார்புக்கு வரும். எல்லா நாற்காலியும் ஒரே அச்சில் கிடைக்கும் என்று காத்திருந்தால் காலம் போய்விடும். முதுகு வேறாக இருந்தாலும் உயரமும் நிறமும் ஒத்துப்போனால் போதும்.

அடிக்கடி வீடு மாற்றுகிறவர்கள், லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்காரர்கள் பென்ட்வுட்டையே வாங்கலாம், துளை வகையாகப் பார்த்து. வெளிநாட்டுக்குக் குடிபோகும் எண்ணம் இருப்பவர்கள் எதை வாங்கினாலும் வயதைக் கேட்டுக்கொள்ளுங்கள். நூறு ஆண்டைக் கடந்த கைவினைப் பொருள்கள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும், தனிநபர் அவற்றை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது.