சோலார் போடப் போறவங்க இதைப் படிச்சிட்டு அட்வான்ஸ் கொடுங்க

எங்களுக்கு மானியம் வராதுன்னு இன்னைக்குக் காலைலதான் முடிவா தெரிஞ்சுது. கோபம் ஆறுறதுக்குள்ள எழுதிடணும்னு உட்கார்ந்திருக்கேன். போனது 1,95,000 ரூபாய். சீட்டு எடுத்த பணம். கடைப் பேரை இங்க போடலை, வழக்குக்குப் போறோம். கடலூர்ப் பக்கம் இன்வெர்ட்டர், பேட்டரி வித்துக்கிட்டு இருந்துட்டு, 2024-ல வீட்டு மாடி சோலாருக்கு மானியம் தர்ற பிரதமரோட சூர்ய கர் திட்டம் வந்ததும் வாசல்ல சோலார்னு போர்டு மாட்டுன கடைன்னு மட்டும் தெரிஞ்சுக்கோங்க. இந்த மாதிரிக் கடை இப்போ எல்லா ஊர்லயும் இருக்கு.

எங்க வீட்ல ரெண்டு மாசத்துக்கு 600 யூனிட்டுக்கு மேல ஓடும். 500 தாண்டினா ஸ்லாப் மாறி பில் எகிறிடும்னு உங்களுக்கே தெரியும். அதனாலதான் சோலார் பேச்சே வந்தது. கடைக்காரரே நேர்ல வந்தாரு. படியிலயே செருப்பைக் கழட்டிட்டு மாடி ஏறி, டேப் பிடிச்சு அளந்து, போன்ல திசை பார்த்து, "தெற்கு பார்த்து வெச்சிடலாம்க்கா, 3 கிலோவாட் போதும், ஒரு நாளைக்கு 12 யூனிட் வரும்"னு சொன்னாரு. கீழ வந்து என் மாமியார் பக்கத்துல உட்கார்ந்து டீ குடிச்சாரு. "அம்மா, 25 வருஷத்துக்கு நீங்க மாடிய நினைக்கவே வேணாம்"னு அவங்க கையைப் பிடிச்சுச் சொன்னாரு. என் வீட்டுக்காரர் மானியத்தைப் பத்திக் கேட்டதும் அவர் சொன்ன பதில் இன்னும் காதுல நிக்குது: "78,000 ரூபாயும் நேரா உங்க அக்கவுண்ட்டுக்குத்தான் சார் வரும், என் கையில ஒரு பைசா வராது. அப்புறம் நான் எதுக்கு சார் ஏமாத்தணும்?"

அந்த ஒரு வார்த்தையிலதான் நாங்க நம்பினோம். யாரா இருந்தாலும் நம்புவாங்க. அரசாங்கத் திட்டம், அரசாங்கப் பணம், நம்ம அக்கவுண்ட். அங்கயே பாதிப் பணம் கொடுத்தோம். என் போன்லயே விண்ணப்பத்தையும் போட்டுக் கொடுத்தாரு. பேனல் மாடி ஏறின அன்னைக்கு மீதியையும் வாங்கிட்டுப் போயிட்டாரு. பில்லுன்னு கொடுத்தது ஒரு துண்டுச் சீட்டு. "3 கிலோவாட் சோலார், 1 செட், ரூ.1,95,000". பேனல் என்ன கம்பெனி, எத்தனை வாட், சீரியல் நம்பர் என்ன, ஒண்ணும் இல்லை.

வேலைக்கு வந்தது ரெண்டு சின்னப் பசங்க. மேல தட்டோடு பதிச்ச தளம் எங்களுது. அதுல நேரா டிரில் போட்டு போல்ட் இறக்கிட்டாங்க. தளத்துல ஓட்டை போடாம மேல கான்கிரீட் கட்டை போட்டு அதுல ஸ்டாண்ட் நிறுத்தணுமாம், இது எனக்கு வேற ஒரு எலக்ட்ரீஷியன் பிறகு சொன்னது. ஸ்டாண்டும் கால்வனைஸ் பண்ணது இல்லை, சாதாரண இரும்புல சில்வர் பெயின்ட். கடல் காத்து அடிக்கிற ஊரு இது. ஐப்பசி மழை ரெண்டு தடவை பெஞ்சதும் பெயின்ட் உரிஞ்சு ஒவ்வொரு போல்ட்டைச் சுத்தியும் துரு வழிஞ்சு நிக்குது. போல்ட் இறங்கின இடத்துக்கு நேர் கீழ மாமியார் படுக்குற ரூம். சீலிங்ல ஈரம் வட்டமா பரவி, சுண்ணாம்பு உப்பிப் பொட்டுப் பொட்டா மெத்தை மேல கொட்டுது. போன் பண்ணிச் சொன்னா, "மழை விட்டதும் எம்-சீல் வெச்சுத் தரேன்க்கா"ன்னாரு. மழை விட்டு வெயிலும் அடிச்சாச்சு, ஆள் வரலை.

அதுக்கு முன்னாடி நடந்தது அதைவிட மோசம். நெட் மீட்டர், அதாவது வெளிய போற கரண்டையும் உள்ள வர்ற கரண்டையும் தனித்தனியா அளக்குற மீட்டர், மாட்டுறதுக்கு முன்னாடியே சிஸ்டத்தை ஆன் பண்ணி விட்டுட்டுப் போயிட்டாரு. "ஓடட்டும்க்கா, சும்மா எதுக்கு நிக்கணும்"ன்னாரு. பழைய மீட்டருக்கு வெளிய போற கரண்ட், உள்ள வர்ற கரண்ட்ங்கிற வித்தியாசம் தெரியாது. நாம லைனுக்கு அனுப்பினதையும் நாம செலவு பண்ணதாவே சேர்த்து ஓடியிருக்கு. பில் குறையும்னு சோலார் போட்டவங்களுக்கு அந்த முறை பில் கூடி வந்தது! கேட்டா, "ஈபில போய்க் கேளுங்க, அது அவங்க மீட்டர்". ஈபி ஆபீஸ்ல இருந்த இன்ஜினியர்தான் பொறுமையா விளக்கிச் சொல்லி உடனே ஆஃப் பண்ணச் சொன்னாரு.

ஓடின நாள்லயாவது 12 யூனிட் வந்துச்சான்னா அதுவும் இல்லை. ஆப்ல பார்த்தா அஞ்சு, நல்ல வெயில்ல ஆறு. ஒயர் நீளம் மிச்சமாகும்னு 6 பேனலையும் தண்ணி டேங்குக்குப் பக்கத்துலயே வெச்சிருக்காங்க. ரெண்டு மணிக்கு மேல டேங்க் நிழல் ரெண்டு பேனல் மேல விழுது. எல்லாம் ஒரே வரிசையா கோத்திருக்கிறதால ரெண்டு மேல நிழல் விழுந்தா மொத்த வரிசையோட உற்பத்தியும் குறைஞ்சுடுது, ஹோஸ்ல ஒரு இடத்தை மிதிச்சா நுனியில தண்ணி குறைஞ்சுபோற மாதிரி. அளக்க வந்த அன்னைக்கு அந்த டேங்க்கும் அங்கதானே இருந்தது?

பிறகு ஈபில இருந்து ஆய்வுக்கு வந்தாங்க. எர்த் ஒழுங்கா இல்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. இடிதாங்கிக்கு, பேனல் பக்கத்துக்கு, வீட்டுப் பக்கத்துக்குன்னு மூணு தனித்தனி எர்த் குழி வேணும்; எங்களுக்கு இருந்தது ஒண்ணு. அப்பதான் டிசிஆர் சான்றிதழ் எங்கன்னும் கேட்டாங்க. அந்த வார்த்தையை நாங்க கேள்விப்பட்டதே அன்னைக்குத்தான். அது என்னன்னா, மானியம் வேணும்னா பேனல் மட்டும் இந்தியாவுல செஞ்சதா இருந்தா பத்தாது, அதுக்குள்ள இருக்கிற செல்லும் இந்தியாவுல செஞ்சதா இருக்கணும். வெளிநாட்டு செல் வெச்ச பேனல் விலை கம்மி. எங்களுக்கு மாட்டினது அதைத்தான்.

கடைக்குப் போய் நின்னோம். "பின்னாடி மேட் இன் இந்தியான்னு போட்டிருக்குல்ல, பார்க்கலையா?"ன்னாரு. "சர்டிஃபிகேட் மெயில்ல வருது"ன்னாரு. அடுத்த முறை "போர்ட்டல் ஸ்லோ". அதுக்கும் அடுத்து கல்லாவுல ஒரு பொண்ணை உட்கார வெச்சிட்டு உள்ளயே இருந்துக்கிட்டு வெளியூர் போயிருக்கார்னு சொல்ல வெச்சாரு, அவர் பைக் வாசல்ல நிக்குது. கடைசியா என் வீட்டுக்காரர்கிட்ட, "மானியம் கவர்மென்ட் தர்றது சார், நான் எப்படிப் பொறுப்பு?"ன்னு கேட்டாரு. எங்க வீட்ல டீ குடிச்சுக்கிட்டே 78,000 வரும்னு சொன்ன அதே வாய்!

மாடில பேனலுக்கு அடியில படுத்து, போன் டார்ச் அடிச்சு, 6 சீரியல் நம்பரையும் படம் எடுத்துப் பேனல் கம்பெனிக்கே அனுப்பினோம். இன்னைக்குக் காலைல பதில் வந்திருக்கு. இது டிசிஆர் வகை இல்லைன்னு. அவ்வளவுதான், முடிஞ்சது. 1,95,000 ரூபாய் மாடில துருப்பிடிச்சு நிக்குது, 78,000 ரூபாய் மானியமும் இல்லை, கீழ ரூம்ல பக்கெட் வெச்சிருக்கோம்.

என்னென்ன பார்க்கணும்னு விவரமா எழுதணும்னுதான் ஆரம்பிச்சேன், இப்போ முடியலை. முக்கியமானது மட்டும். திட்டத்தோட போர்ட்டல்ல பதிவான நிறுவனமான்னு நீங்களே தேடிப் பாருங்க, அவங்க காட்டுற ஸ்கிரீன்ஷாட் வேணாம். பேனல் மாடி ஏறுறதுக்கு முன்னாடி கீழ வெச்சே சீரியல் நம்பரைப் படம் எடுங்க, டிசிஆர் சான்றிதழைக் கையில வாங்குங்க. பில்லுல கம்பெனி, வாட், நம்பர் எல்லாம் வரணும். நெட் மீட்டர் மாட்டாம ஆன் பண்ண விடாதீங்க. கடைசித் தவணையை நெட் மீட்டர் ஓடுறதைப் பார்த்துட்டுக் கொடுங்க. சாயங்காலம் ஒரு தடவை மாடி ஏறி நிழல் எங்க விழுதுன்னு பாருங்க.

ஏமாந்தவங்க 1915-க்குப் போன் பண்ணி நுகர்வோர் புகார் பதியலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை, நாங்க அங்கதான் போறோம். கடலூர், பண்ருட்டி, நெய்வேலிப் பக்கம் இதே மாதிரிக் கடையில பணம் கொடுத்தவங்க இருந்தா இன்பாக்ஸ்ல வாங்க, சேர்ந்து மனு கொடுக்கலாம். ஸ்டாண்டைக் கழட்டி அந்த ஓட்டைகளை ஒழுங்கா அடைக்கத் தெரிஞ்ச ஆள் யாராவது இருந்தாலும் சொல்லுங்க, அடுத்த மழைக்குள்ள முடிச்சாகணும்.